நாலு ரேடியோக்காரன்

அவனுடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் யாராவது தேடிப்பிடித்து, அந்தக் காலத்திலேயே இப்படியெல்லாம் வாசித்திருக்கிறானே என்று அவன் படத்துக்கு மாலை போட்டாலும் போடுவார்கள். அந்தப் புண்ணியத்தை நான் கட்டிக்கொள்ள விரும்பவில்லை. காஜா பெராங் வட்டாரத்தில் அவனை நாலு ரேடியோக்காரன் என்றுதான் சொல்வார்கள். அதுவே போதும்.

என் மருமகள் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்யும்போது ஓர் இசையை ஓடவிடுவாள். கிட்டார், பேஸ், சிந்தசைசர் என்று என்னென்னவோ அதில் சேர்ந்திருக்கும். பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. ஒரு சத்தம் எழும்பும், தேங்கி நிற்கும், இன்னொன்றில் கரைந்துபோகும். மனசுக்கு அமைதியாக இருக்கிறது மாமா என்பாள். நானோ செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். இதே மாதிரிச் சத்தத்தை, நாடு சுதந்திரம் வாங்கிய மெர்டேக்கா காலத்திலேயே ஒரு தேயிலைப் பெட்டியை வைத்துக்கொண்டு நானும் வாசித்தவன் என்று அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வரும்.

அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் பஸ் கம்பெனியில் டிக்கெட் கொடுக்கிறவன். அவன் ரேடியோ ரிப்பேர்காரன். இருவரும் கம்போங் செட்டியில் ஒரே வீட்டில் குடியிருந்தோம். எனக்குப் பின்பக்கத்து அறை. தெருவைப் பார்த்த முன்னறை அவனுக்கு. கடையும் அதுதான், கட்டிலும் அதுதான். வீட்டுக்காரம்மா, பல தலைமுறைக்கு முன்னால் வந்து மலாய் பேசுகிறவர்களாகிப்போன செட்டி குடும்பத்து விதவை. அந்தப் பகுதியில் மூத்த பெண்களைக் கூப்பிடுகிற மாதிரியே நாங்களும் அவரை பீபி என்று கூப்பிட்டோம். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். சாமி பெயர்களையும் சோறு, கறி மாதிரி நாலைந்து சொற்களையும் தவிர அவருக்குத் தமிழ் வராது.

அவனைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொண்டால் எல்லாம் புரிந்துவிடும். அவனுக்குக் காது உண்டு. அந்தக் காதுக்குப் பின்னால் வேறு எதுவும் கிடையாது.

ஒருநாள் எங்கள் தெருமுனையில் ஒரு பேச்சா ரிக்ஷா வண்டி லாரிக்கு ஒதுங்கப்போய்க் கால்வாயில் கவிழ்ந்துவிட்டது. வண்டியோட்டி சீனக் கிழவர். முழங்கால் பிளந்து ரத்தம் கொட்ட, சேற்றில் கிடந்து முனகினார். நான் வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போடுகிறேன். இவனும் பாய்ந்து வந்தான். அப்பாடா, ஒரு கை கிடைத்தது என்று நிமிர்ந்து பார்த்தால், கவிழ்ந்த வண்டியின் பக்கத்தில் குந்தியிருக்கிறான். மேலே தூக்கிக்கொண்டு நின்ற சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அச்சில் காதை வைத்துக் கண்ணை மூடியிருந்தான். நான் திட்டிய திட்டில் தெருவே திரும்பிப் பார்த்தது. சக்கரம் நின்ற பிறகுதான் எழுந்து வந்து கிழவரின் காலைப் பிடித்தான்.

"நிக்கறதுக்கு முன்னால ஒரு சத்தம் இறங்குச்சு பாரு, நீ கேக்கவே இல்லலா" என்று என்மேலேயே குறைப்பட்டான்.

கெட்டவன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. பீபிக்குக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக் கொடுப்பான். ஏழைபாழை ரேடியோ கொண்டுவந்தால் சும்மாவே பார்த்துக் கொடுப்பான். கோபமாக ஒரு சொல் அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அதனால்தான் அவனை வெறுத்துத் தொலைக்க எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது.

நாங்கள் முதலில் ஐந்து பேர் கொண்ட ஒரு பார்ட்டியாகக் கல்யாணங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தோம். ஆர்மோனியம், டோலக், வயலின் ஆட்கள் மூவர். அவன் ஹவாயன் கிட்டாரை மடியில் கிடத்தி, கண்ணாடிக் குப்பியால் தந்தியைத் தேய்த்து வாசிப்பான். பழைய டெலிபோன் காதிலிருந்து காந்தத்தைக் கழற்றி அதற்குள் பொருத்தி, வயரை ரேடியோவுக்குள் கொடுத்திருந்தான். என் வாத்தியம் கவிழ்த்த தேயிலைப் பெட்டி. அதில் ஒரு கழி, ஒரு கயிறு. கயிற்றை இழுத்துச் சுண்டினால் தரையெல்லாம் அதிரும்.

ஜாலான் பெண்டஹாராவில் நகைக்கடைக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் ஒரு துள்ளல் பாட்டு வாசித்தோம். எல்லோரும் நிறுத்திவிட்டோம். இவன் மட்டும் கடைசி ஸ்வரத்தில் குப்பியை வைத்து எடுக்காமல் ரேடியோவின் திருகைத் திருப்பிக்கொண்டே போகிறான். சத்தம் சாகவில்லை. வளர்ந்து வளர்ந்து மேளக்காரர்களையும் ஐயர் மந்திரத்தையும் மூழ்கடித்துவிட்டது. பெண்ணின் தாய்மாமன் வந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். அதோடு பார்ட்டி கலைந்தது. மற்ற மூவரும் அவனைப் பார்த்தால் தெருவை மாற்றிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் அவனோடு ஒட்டிக்கொண்டேன்.

ஏன் என்று கேட்டால் நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. பகலெல்லாம் பஸ் ஹார்னும் பயணிகளின் ஏச்சும் கேட்டு வந்தவனுக்கு அந்த முன்னறை வேறு உலகம். ஒரே ஸ்டேஷனில் ஏறக்குறைய ஒன்றாக இரண்டு ரேடியோக்களைத் திருப்பி வைத்தால், இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் ஊதல் எழும். ரிப்பேர்காரர்களுக்கு அது தொல்லை. அவன் அதையே வாத்தியமாக்கினான். நாலு ரேடியோக்களைச் சதுரமாக வைத்து, ஒவ்வொன்றிலும் திருகை மயிரிழை அளவு நகர்த்துவான். ஊதல்கள் ஒன்றோடொன்று உரசி, தாழ்ந்து, தம்பூராவும் இல்லாத காற்றும் இல்லாத ஏதோ ஒன்றாகி அறையை நிறைக்கும். அதன்மேல் கிட்டாரை ஒரே ஓர் இழுப்பு இழுப்பான். நான் நாலு மூச்சுக்கு ஒருதரம் கயிற்றைச் சுண்டுவேன். எனக்கு உடம்பு லேசாகிவிடும். அவன் முகத்தைப் பார்த்தால் கோயிலில் நிற்கிறவன் முகம் மாதிரி இருக்கும்.

பாட்டை எங்கே முடிக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "முடிக்கணும்னு யாரு சொன்னா?" என்றான்.

ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் அவனுடைய அம்மா சாகக் கிடப்பதாகத் தந்தி வந்தபோது, நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். பத்து நாள் கழித்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான். துக்கம் விசாரிக்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா கடைசியில் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

"மூச்சுல ரெண்டு சுருதி இருந்துச்சு. உள்ள போறப்ப ஒண்ணு, வெளிய வர்றப்ப ஒண்ணு. ரெண்டும் சேரவே இல்ல, கடைசி வரைக்கும்."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு எழுந்துபோய் ரேடியோக்களில் அந்த இரண்டு சுருதிகளையும் தேட ஆரம்பித்தான். அழுதிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். எனக்கு என்னவோ போல் இருந்தது, எழுந்து என் அறைக்குப் போய்விட்டேன்.

மெர்டேக்கா கொண்டாட்டத்துக்குத் திடலில் ஊரே கூடிய அன்றும் இதே கூத்துதான். மக்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவனோ ஒலிபெருக்கி கட்டிய கம்பத்தின் அடியில் போய் நின்றுகொண்டு, நடுநடுவே அது விசில் அடிப்பதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். நாடு கைக்கு வந்த நாளில் அவனுக்குக் கிடைத்தது ஒரு விசில்.

இனி பீபியின் கதைக்கு வருகிறேன்.

பீபிக்கு ஒரே மகன். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட அவசரகாலத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவன். ஒரு மத்தியானம் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். பாதிச் சாப்பாட்டில் வாசலில் லாரி வந்து ஹார்ன் அடித்திருக்கிறது. கையைக் கழுவியும் கழுவாமலும் எழுந்து ஓடினான். அந்த லாரியை எஸ்டேட் ரோட்டில் மறித்துச் சுட்டார்கள். மகன் செத்ததைப் பற்றி பீபி அதிகம் பேசமாட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அந்த இலையில் மீந்திருந்த இறால் எத்தனை என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது.

செட்டி வீடுகளில் போகியன்று பர்ச்சு கும்பிடுவார்கள். இறந்துபோன பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உள்ளறையில் வாழையிலை விரித்து, அவரவருக்குப் பிடித்ததையெல்லாம் பரிமாறி, விளக்கேற்றி, சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே அவர்கள் சாப்பிடுகிறார்கள். வெளியே யாரும் பேசக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்து வீட்டில் மூத்தவர் கதவைத் தட்டித் திறப்பார். பிறகுதான் உயிரோடு இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பதுதான் பீபியின் வேதனை. மகன் சாப்பிட்டு முடித்தானா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு வருஷமும் திறந்த பிறகு, அவசரப்பட்டுவிட்டோமோ என்று அழுவார்.

நாங்கள் குடிவந்த பிறகு வந்த முதல் போகி. கதவு சாத்தியாகிவிட்டது. இவன் முன்னறையில் ரேடியோக்களை அணைக்க மறந்துவிட்டான். சுவர் வழியாக அந்த ஊதல் மெல்ல எழுந்து வீடு முழுக்கப் பரவியது. பீபியின் மைத்துனர் முறைத்தார். நான் எழுந்து ஓடப் பார்த்தேன். பீபி கையால் தடுத்துவிட்டார். கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் போல ஆனதும் ஊதல் தானாகத் தேய்ந்து அடங்கியது, ஏதோ ஒரு வால்வு சூடேறிப் போயிருக்கும். பீபி எழுந்து கதவைத் தட்டினார். அன்று அவர் முகத்தில் நான் பார்த்த நிறைவை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இந்த வருஷம் என் பிள்ளை வயிறாரச் சாப்பிட்டான் என்றார். சத்தம் இருந்த வரைக்கும் சாப்பிட்டான், முடித்ததும் அது நின்றுவிட்டது என்றார்.

வால்வு கதையை அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அடுத்த வருஷம் அவரே வந்து கேட்டார். நானும் அவனுமாக வாசித்தோம். ரேடியோ, கிட்டார், பெட்டி. போதும் என்று எனக்குத் தோன்றிய இடத்தில் அவன் முதுகைத் தட்டினேன். மனசில்லாமல்தான் ஒவ்வொன்றாக இறக்கினான். கதவு திறந்தது. பீபி எங்கள் இருவருக்கும் முதல் இலை போட்டார். என் வாழ்க்கையில் நான் வாசித்த வாசிப்பிலேயே யாருக்காவது உபயோகப்பட்டது அது ஒன்றுதான்.

அதற்கடுத்த வருஷம் ஒரு டேப் ரிக்கார்டர் வந்து சேர்ந்தது. எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்கே திரும்பிப் போகிறவர், வீட்டுச் சாமான்களை விற்றபோது இவன் வாங்கிக்கொண்டான். கைக்குழந்தையைப் போல அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். போகியன்று காலையில் சுவரோரம் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டான். ரேடியோக்களுக்கு ஒரு பிளக். ரிக்கார்டருக்கு மட்டும் மேலே பல்பு மாட்டுகிற இடத்திலிருந்து தனியாக வயர் இழுத்திருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கதவைச் சாத்தினார்கள். வாசிக்க ஆரம்பித்தோம். அன்றைக்கு விழுந்த மாதிரி அந்தச் சத்தம் என்றைக்கும் விழுந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அரை மணி நேரம் ஆயிற்று. முதுகைத் தட்டினேன். தலையாட்டினான், நிறுத்தவில்லை. கழியைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். உறவுக்காரப் பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடந்தார்கள். மைத்துனர், உள்ளே விளக்கு எரிகிறது, திறந்து பார்க்கட்டுமா என்று காதோடு காதாகக் கேட்டார். பீபி தலையை அசைத்து மறுத்தார். "பெலோம் ஹாபிஸ்" என்றார். இன்னும் முடியவில்லையாம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத உடம்பு. உதடு காய்ந்து, முகம் வெளுத்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் சிரித்த முகம்.

திரும்பி வந்து அவனிடம் சொன்னேன். பீபி மயங்கி விழுந்துவிடுவார், மெதுவாக இறக்கு என்றேன். அவன் ஓடுகிற சுருளைக் காட்டினான்.

"இன்னும் கொஞ்சம் டேப் இருக்குலா."

அதை மாற்றி இன்னொரு சுருளும் போட்டான். நான் கெஞ்சினேன். அவனுக்கு நான் சொன்னது காதில் விழுந்தது, எனக்கு நிச்சயமாகத் தெரியும். விழாத சத்தம் என்று அவனுக்கு ஒன்று உண்டா? ஒன்றரை மணி நேரம் தாண்டியிருக்கும். கூடத்தில் பீபியின் தலை நிலையில் மோதிய சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், கண் செருகியிருந்தது. எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறிவிட்டது. குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

நாலு ரேடியோவும் ஒரே வெட்டில் நின்றன.

ஒரு நொடி எதுவும் இல்லை. அப்புறம் பீபி அலறினார். அந்த அலறலை எழுத என்னால் ஆகாது. எழுந்து ஓடிக் கதவைத் திறந்து, மகனுடைய இலையின் முன்னால் விழுந்தார். பிறகு திரும்பி, முன்னறை வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தார். என் கையில் பிளக்கின் வயர் இருந்தது. அவர் சொன்னது மலாயில். எனக்குள் அது தமிழாகவே தங்கிவிட்டது.

"சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை நீயும் இலையிலிருந்து எழுப்பிவிட்டாயே."

எதிரிக்குக்கூட நாம் செய்யாத காரியம் அது. பசியோடு வந்தவனைப் பாதியில் எழுப்புவது. நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பீபி, நான்தான் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டு போனேன், இவன் உங்களுக்காகத்தான் பிடுங்கினான் என்று சொல்லியிருக்கலாம். அவன் ரிக்கார்டரின் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பல்பிலிருந்து வந்த வயரில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பொங்கல். அன்றே மைத்துனர் வந்து, பீபி உன்னைப் பார்க்க மாட்டேன் என்கிறார், வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். தெங்கேராவில் ஒரு மாடியறைக்குப் போனேன். அவன் அங்கேயே இருந்தான். பீபிக்கு அவன்மேல் ஒரு குறையும் இல்லை. பிள்ளைக்குச் சாப்பாட்டுச் சத்தம் கொடுத்தவன் அவன், பிடுங்கியவன் நான்.

இரண்டு மூன்று மாதம் கழித்து அவனே என் அறைக்கு ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். கேளு என்றான். ரேடியோக்கள், கிட்டார், என் கயிற்றின் அதிர்வு எல்லாம் வந்தன. அவை அடங்கியதும் புதிதாக ஒன்று எழுந்தது. ஆழமாக, நீளமாக, கடல் உள்வாங்குவது போல. ஏறி, உச்சியில் நடுங்கி நின்று, இறங்கியது. அத்தனை அழகான சத்தத்தை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. இது எந்த வாத்தியம் என்று கேட்டேன்.

"பாதி ஸ்பீடுல விட்டிருக்கேன். பீபியோட சத்தம்லா. நல்லா வந்திருக்கு இல்ல?"

ரிக்கார்டரை உதைத்தேனா, அவனை அடித்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. முழுவதையும் கேட்டேன். அழகாக இருந்தது, கேட்டேன். அதற்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. முடிந்ததும் எழுந்து போகச் சொன்னேன். ஏன் கோபப்படுகிறேன் என்று உண்மையிலேயே புரியாமல் படியிறங்கிப் போனான்.

மறு போகிக்கு, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஒரு சீப்பு பழமும் ஒரு கட்டு வாழையிலையும் வாங்கிக்கொண்டு பீபி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றேன். பீபி ரொம்ப இளைத்திருந்தார். என்னைப் பார்த்தார், திட்டவில்லை, உள்ளே வரச் சொல்லவும் இல்லை. பழத்தை வாங்கிக்கொண்டார். இலைக்கட்டைப் பிரித்துத் தேவையானதை எண்ணி எடுத்துக்கொண்டு, மிஞ்சிய ஒரே ஓர் இலையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மகனுக்கு இந்த வருஷம் போடவில்லை என்றார். இரண்டு தரம் எழுப்பப்பட்டவன் எந்த முகத்தோடு வந்து உட்காருவான், வரமாட்டான் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், குரல்கூட உடையவில்லை.

அந்த இலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். முன்னறை வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். நாலு ரேடியோக்களையும் துடைத்து, சதுரமாக வைத்து, வயரெல்லாம் மாட்டித் தயாராக இருந்தான்.

"அப்ப இந்த வருசம் சத்தம் வேணாமாமா?" என்று என்னிடம் கேட்டான்.

வேண்டாமாம் என்றேன். அவன் முகம் வாடிப்போய்விட்டது.